கோட்டையில் எதைக் காணச் செல்கிறோம்?

கெய்ரோ சென்று திரும்பும் நம்மவருள் பலர், முகத்தம் குன்றுச் சரிவில் நிற்கும் கோட்டையைக் குறித்து ஒரே பல்லவியைப் பாடுகின்றனர். "சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி வாழ்ந்த மாளிகையைக் கண்டோம், அவர் தொழுத பள்ளிவாசலைக் கண்டோம்" என்பதே அது. இரண்டும் பிழை.

1176 இல் சுல்தான் அக்கோட்டைப் பணியைத் தொடங்கி வைத்தார் என்பது மெய். ஆனால் 1182 இல் எகிப்தை விட்டுப் புறப்பட்டவர் மீண்டும் அங்குத் திரும்பவேயில்லை. அதனை அரசிருக்கையாக்கிக் குடியேறியவர், அவருடைய சகோதரரின் மைந்தர் அல்-காமில். நம்மவர் படம் பிடித்து வரும் கவிகைப் பள்ளிவாசலோ, சுல்தானுக்கு அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் முஹம்மது அலீ பாஷா எழுப்பியது. விருந்துக்கு வருமாறு மம்லூக் தலைவர்களை அழைத்து, 1811 இல் அதே கோட்டைக்குள் நூற்றுக்கணக்கில் வெட்டி வீழ்த்தியவர் அவர். மம்லூக்குகளின் அரண்மனைகளையும் அவர் விட்டு வைக்கவில்லை, இடித்துத் தள்ளினார்.

"முன்னோர் புகழைக் குறைக்கலாமோ?" எனச் சிலர் சினக்கக்கூடும். ஒரு நபிமொழியை ஏற்குமுன் அறிவிப்பாளர் வரிசையைத் துருவித் துருவி ஆராய்ந்த சமுதாயம் நாம். வழிகாட்டி சொன்ன கதையை மட்டும் வினவாமல் ஏற்பது எந்த மரபு? 1183 இல் அப்பணியை நேரில் கண்ட இப்னு ஜுபைர், பளிங்கு அறுத்தோரும் பாறை பிளந்தோரும் எண்ணற்ற அந்நியக் கைதிகளே என்பதை மறைக்காமல் எழுதி வைத்தார். அவரும் சுல்தானைப் போற்றியவர்தாம். போற்றுதல் வேறு, பூசி மெழுகுதல் வேறு.

கோட்டை அரண்மனை ஒன்றில் 1949 இல் ராணுவ அருங்காட்சியகம் அமைந்தது. வாளும் பீரங்கியும் பார்த்து மார்பு விம்முகிறோம். பாறையை ஏறத்தாழத் தொண்ணூறு மீட்டர் ஆழம் குடைந்து, மாடுகள் இறைக்க நீர் தந்த 'யூஸுஃப் கிணற்றை' எத்தனை பேர் தேடிச் செல்கின்றனர்?

1193 இல் டமாஸ்கஸில் சுல்தான் மறைந்தபோது, அவருடைய சொந்தக் கருவூலத்தில் இருந்தவை 47 வெள்ளித் திர்ஹமும் ஒரு பொற்காசுமே என்கிறார் உடனிருந்த பஹாவுத்தீன். எந்த அருங்காட்சியகப் பேழையிலும் வைத்துக் காட்ட இயலாத செல்வம் இது.

பூமியில் பயணம் செய்யுமாறு திருமறை பணிப்பது பெருமையடிப்பதற்கன்று, படிப்பினை பெறுவதற்கே. அடுத்த முறை செல்வோர் படக்கருவியோடு ஒரு வரலாற்று நூலையும் எடுத்துச் செல்லட்டும். பிள்ளைகளுக்குக் கதை சொல்லுமுன், அது மெய்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.