ஆட்டம் காத்திருக்குமா?

நெய்வேலியில் கடிகாரம்தான் எஜமான்.

1957ல் பிரதமர் நேரு அங்கே சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். இன்றும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் இரவு பகலாக வேலை நடக்கிறது. அப்பாவுக்குச் சில நாள் பகல் ஷிப்டு. சில நாள் இரவு ஷிப்டு. வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் நேரம் கொஞ்சம்தான்.

அந்த நேரத்தில் அம்மா கூப்பிடுகிறாள். மகன் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இப்போது விட்டால் செத்துப் போவேன், அம்மா!" என்கிறான்.

சாகப் போவது மகன் அல்ல. அவன் ஆட்டி வைக்கும் வீரன்! ஆனால் சோறு ஆறிப் போகிறது. அப்பா ஷிப்டுக்குப் புறப்பட்டு விடுகிறார். வீட்டில் சண்டை மூளுகிறது.

இந்தச் சண்டைக்குப் பாதிக் காரணம் பையன். மறு பாதி, அவன் ஆடும் ஆட்டத்தின் வகை.

இரண்டு வகைச் சண்டை

கதையில் வரும் வீரனாக நாமே மாறி ஆடும் வீடியோ விளையாட்டுகள் உண்டு. "ரோல் பிளேயிங்" விளையாட்டு என்று அவற்றுக்குப் பெயர். அவற்றில் சண்டை இரண்டு வகை.

ஒன்று, முறை வைத்து ஆடுவது. நம் ஆடு புலி ஆட்டம் மாதிரி. நீ ஒரு காய் நகர்த்து. பிறகு நான் ஒரு காய் நகர்த்துகிறேன். உங்கள் முறை வந்தால், நீங்கள் யோசித்து முடிக்கும் வரை எதிரி காத்து நிற்பான். சாப்பிட்டு விட்டு வந்தும் தொடரலாம்.

மற்றொன்று, உடனுக்குடன் ஆடுவது. இது சடுகுடு மாதிரி. கண் இமைத்தால் போச்சு!

1974ல் அமெரிக்காவில் "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்ற விளையாட்டு வந்தது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, முறை வைத்து ஆடினார்கள். 1986ல் ஜப்பானில் வந்த "டிராகன் குவெஸ்ட்" அந்த வழியிலேயே போனது. 1996ல் "டயாப்லோ" வந்தது. அதை முதலில் முறை வைத்து ஆடும் ஆட்டமாகத்தான் திட்டமிட்டார்கள். பிறகு உடனுக்குடன் ஆடும்படி மாற்றினார்கள். அது அமோகமாக விற்பனையானது.

"முறை வைத்து ஆடுவது பழங்கதை" என்று பலர் எண்ணினார்கள். அது தவறு. 2023ல் வந்த "பால்டர்ஸ் கேட் 3" முறை வைத்து ஆடும் ஆட்டமே. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற பரிசும் பெற்றது.

எது நல்லது?

உடனுக்குடன் ஆடுவது கண்ணுக்கும் கைக்கும் வேகம் தரும். அதைக் குறை சொல்ல மாட்டோம். முறை வைத்து ஆடுவது, செய்வதற்கு முன் யோசிக்கப் பழக்கும். சதுரங்கமும் முறை வைத்து ஆடுவதுதானே? அந்த ஆட்டத்தில்தான் 2024ல் சென்னைப் பையன் குகேஷ், 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. விளையாட்டு வாங்கும் முன் பையனிடம் கேளுங்கள்: "நடுவில் நிறுத்தலாமா?" உடனுக்குடன் ஆடும் ஆட்டத்திலும் பலவற்றை நிறுத்தி வைக்கலாம். இன்டர்நெட் வழியாகப் பிறரோடு சேர்ந்து ஆடும்போதுதான் பெரும்பாலும் நிறுத்த முடியாது. அப்படியானால், சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன்பே சொல்லி வையுங்கள். திடீரென்று சுவிட்சை அணைக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பா வீட்டில் இருக்கும் நேரம் உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில், நிறுத்த முடியாத ஆட்டத்தைத் தொடங்காதீர்கள்.

சுரங்கத்தில் ஷிப்டு யாருக்காகவும் காத்திருக்காது. விளையாட்டாவது காத்திருக்கட்டும்!