நாகம்மாள் கேட்டது நியாயமா?

நல்லம்பள்ளி வாசகர் ஒருவரின் கருத்து

பழைய நாவல் என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வருகிறது?

“பொன்னியின் செல்வன்” என்பீர்கள். கல்கி 1950-ல் எழுதத் தொடங்கிய கதை அது. 2022-ல் சினிமாவாகவும் வந்தது. புத்தகத்தைத் தொடாதவர்களுக்கும் வந்தியத்தேவனைத் தெரியும்.

நான் சொல்லப்போவது ராஜா கதை அல்ல. காட்டுக்கும் வீட்டுக்கும் நடையாய் நடக்கிற ஒரு குடியானவப் பெண்ணின் கதை.

அந்த நாவலின் பெயர் “நாகம்மாள்”. எழுதியவர் ஆர். சண்முகசுந்தரம். தாராபுரத்துக்கு அருகில் உள்ள கீரனூர்க்காரர். 1942-ல் புத்தகம் வெளிவந்தது. கொங்கு நாட்டுக் குடியானவர்கள் பேசுகிற பேச்சை அப்படியே நாவலில் கொண்டுவந்தவர் அவர். தர்மபுரிப் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு அந்தப் பேச்சு அந்நியம் அல்ல. பக்கத்துக் காட்டில் யாரோ பேசுவது போலவே இருக்கும்.

கதை இதுதான்

நாகம்மாள் ஒரு விதவை. அவளுக்கு ஒரே மகள். புருஷனின் தம்பி சின்னப்பன், அவன் மனைவி ராமாயி ஆகியோருடன் ஒரே குடும்பமாக இருக்கிறாள். எல்லோரும் சேர்ந்து பாடுபடுகிறார்கள். சண்டை இல்லை.

ஒருநாள் அவள் மனதில் ஒரு கேள்வி பிறக்கிறது.

“இந்த நிலத்தில் என் புருஷனுக்குப் பாதி உண்டே. அது எங்கே? என் மகளுக்கு நாளைக்கு என்ன?”

கேள்வி பிறந்த வீட்டில் பதில் கிடைக்கவில்லை. பதில் சொல்ல வெளியாள் வந்தான். அவன் பெயர் கெட்டியப்பன். ஊர்ப் போக்கிரி. “பங்கைக் கேள், நான் இருக்கிறேன்” என்கிறான்.

சின்னப்பன் கெட்டவன் அல்ல. அண்ணன் மனைவிக்குச் சோறு போடுகிறவன்தான். ஆனால் நிலத்தை விற்றுவிட்டு மாமியார் ஊருக்குப் போக நினைக்கிறான். நாகம்மாள் குறுக்கே நிற்கிறாள். பேச்சு முற்றுகிறது. கடைசியில் சின்னப்பன் அடிபட்டுச் சாகிறான்.

அவள் கேட்டது நிலம். விழுந்தது கொலை!

இரண்டு கட்சி

எங்கள் பக்கம் புளி அதிகம். பழம் உதிர்ந்த காலத்தில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து ஓடு தட்டுவார்கள், கொட்டை எடுப்பார்கள். கைக்கு வேலை உண்டு. காதுக்கு வேலை இல்லை. அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில் இந்த நாவலை நான் சத்தம் போட்டுப் படித்தேன். நாலு நாள் ஆயிற்று.

முடிந்ததும் இரண்டு கட்சி பிறந்துவிட்டது.

“நல்லா இருந்த குடும்பத்தைக் கெடுத்துட்டாளே! வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அந்த ஆளு செத்திருக்க மாட்டானே?” என்றார் அத்தை.

பக்கத்து வீட்டுச் சின்னம்மா கையில் இருந்த புளியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏன் அண்ணி, புருஷன் செத்தா பங்கும் சேர்ந்து செத்துப்போகுமா? அவ கேட்டதுல என்ன தப்பு?” என்றார்.

அதன் பிறகு புளி தட்டும் சத்தமே கேட்கவில்லை. பேச்சுத்தான் கேட்டது!

இந்தப் புத்தகத்தைப் படித்தவர்களில் பலர் அத்தையின் கட்சிதான். நாகம்மாள் பொல்லாதவள், அவளால் குடி கெட்டது என்பார்கள்.

நான் சின்னம்மா கட்சி.

என் கருத்து இது. நாகம்மாள் கேட்டதால் குடும்பம் கெடவில்லை. அவள் கேட்டபோது வீட்டில் ஒருவரும் உட்கார்ந்து நியாயமாகப் பதில் சொல்லாததால் கெட்டது. வீடு கதவை மூடினால் வெளியே கெட்டியப்பன் காத்துக்கொண்டிருப்பான். அதுதான் அந்த நாவல் எனக்குச் சொன்ன பாடம்.

அவளுக்கு முன்னால் கேட்டவர்கள்

நாகம்மாளுக்கு முன்னாலும் தமிழ் நாவல்களில் பெண்கள் தங்கள் பங்கைக் கேட்டிருக்கிறார்கள். நிலத்தை அல்ல. வேறு பங்கை.

தமிழின் முதல் நாவல் “பிரதாப முதலியார் சரித்திரம்”. 1879-ல் அச்சானது. எழுதியவர் மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. கோர்ட்டுத் தீர்ப்புகள் சாதாரண ஜனங்களுக்கும் புரியட்டும் என்று தமிழில் தந்தவர். பெண் கல்விக்காகத் தனியாகவும் எழுதியவர்.

அந்தக் கதையில் பிரதாபன் பணக்கார வீட்டுப் பிள்ளை. “சொத்து இருக்கும்போது படிப்பு எதற்கு?” என்று கேட்கிறான். அவன் செய்கிற தப்புக்குக் கூடப் படிக்கிற பையன் அடி வாங்குகிறான்! ஞானாம்பாள் அப்படி இல்லை. படிப்பிலும் புத்தியிலும் அவனுக்கு ஒரு படி மேல். ஆண் வேடம் போட்டுக்கொண்டு போனவள், ஒரு நாட்டுக்கே அரசராகி நீதி சொல்கிறாள். புருஷனை ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறாள்.

படித்துச் சிரிக்க வேண்டிய கதைதான். ஆனால் முன்சீப் அதில் ஒரு விஷயத்தை மறைத்து வைத்தார். பெண்ணுக்குப் படிப்பில் பங்கு கொடு; அவள் நாட்டையே ஆள்வாள் என்பதுதான் அது.

அடுத்தது “முத்துமீனாட்சி”. 1903-ல் வந்தது. எழுதியவர் அ. மாதவையா. உப்பு இலாகா அதிகாரி. ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்வது போல எழுதியிருக்கிறார். சிறு வயதில் கல்யாணம். மாமியார் வீட்டில் கொடுமை. பிறகு விதவைக் கோலம். கடைசியில் அவளுக்கு மறுமணம் நடக்கிறது.

விதவை மறுமணம் செல்லும் என்று 1856-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்து 47 வருஷம் ஆன பிறகும் அதைக் கதையில் எழுதத் தைரியம் வேண்டியிருந்தது. முத்துமீனாட்சி கேட்டது வாழ்க்கையில் பங்கு.

படிப்பில் பங்கு, வாழ்க்கையில் பங்கு, நிலத்தில் பங்கு. மூன்று நாவல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பெண் மூன்று வீடுகளில் நின்று கேட்பது போல இருக்கிறது அல்லவா?

சீமையிலும் இதே கதை

இது நம் நாட்டுக் குறை மட்டும் அல்ல.

இங்கிலாந்தில் ஜேன் ஆஸ்டின் என்ற அம்மையார் 1813-ல் ஒரு நாவல் வெளியிட்டார். உலகமெங்கும் இன்றும் படிக்கிறார்கள். ஒரு வீட்டில் ஐந்து பெண்கள். ஆண் பிள்ளை இல்லை. தகப்பனார் கண்ணை மூடினால் வீடும் நிலமும் ஒரு தூரத்து உறவுக்காரனுக்குப் போய்விடும். பெற்ற பெண்களுக்கு இல்லை! அதனால் தாய்க்கு ஒரே கவலை. ஐந்து பெண்களையும் நல்ல இடத்தில் கட்டிக்கொடுக்க வேண்டும்.

கதை பூராவும் கல்யாணப் பேச்சுத்தான். ஆனால் கல்யாணப் பேச்சுக்கு அடியில் இருப்பது சொத்துப் பேச்சு.

அந்த நாட்டில் கல்யாணமான பெண்கள் தங்கள் பெயரில் சொத்தைத் தாங்களே வைத்து ஆள முழு உரிமை தரும் சட்டம் 1882-ல்தான் வந்தது. நம் வேதநாயகம் பிள்ளையின் நாவல் வந்து மூன்று வருஷம் கழித்து!

சட்டம் என்ன சொல்கிறது?

நாகம்மாள் காலத்துக்கு வருவோம்.

அதற்கு முன்பு கூட்டுக் குடும்பத்து விதவைக்குச் சோறும் துணியும்தான் உரிமை. 1937-ல் ஒரு சட்டம் வந்தது. புருஷன் பங்கை விதவை அனுபவிக்கலாம் என்றது. ஆனால் அதில் விவசாய நிலம் சேரவில்லை. சென்னை மாகாணத்தில் விவசாய நிலத்துக்கும் அது உண்டு என்று சட்டம் வந்தது 1947-ல்.

கவனியுங்கள். நாவல் வந்தது 1942. நாகம்மாள் காட்டில் பங்கு கேட்டபோது சட்டம் இன்னும் அவள் காட்டுக்கு வந்து சேரவில்லை! அவளுக்குத் துணை அவள் வாய் ஒன்றுதான்.

பிறகு நிலைமை மாறியது. 1956-ல் வந்த இந்து வாரிசுச் சட்டம் விதவைக்கு முழு உரிமை தந்தது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் அவர் சொத்துக்கு வாரிசு.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போல் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-ல் சட்டம் செய்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. 2005-ல் இந்தியா முழுவதற்கும் சட்டம் திருத்தப்பட்டது. கல்யாணமான மகள், ஆகாத மகள் என்ற பேதம் போயிற்று. அந்தத் திருத்தம் வந்தபோது தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்து முடித்திருந்தால் மட்டும் அதைக் கலைக்க முடியாது.

இன்று நாகம்மாள் இருந்தால்? புருஷன் பாகத்தில் அவளுக்கும் உரிமை உண்டு. அவள் மகளுக்கும் உண்டு.

எங்கள் ஊரில்...

சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. ஊரில் இருக்கிறதா?

எங்கள் நல்லம்பள்ளிப் பக்கம் கேழ்வரகும் சாமையும் தக்காளியும் விளைகிற பூமி. மழையை நம்பிய காடு. சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாய் ஏறி வருகிற பெரிய ரோடு எங்கள் பக்கமாகத்தான் பெங்களூருக்குப் போகிறது. ரோடு அகலமானதும் நிலத்தின் விலையும் ஏறியது.

விலை ஏறியதும் கட்டிக்கொடுத்த பெண்களுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்.

“ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ அம்மா.”

எதில் கையெழுத்து? விடுதலைப் பத்திரத்தில். “எனக்கு இந்தச் சொத்தில் பங்கு வேண்டாம்” என்று எழுதிக் கொடுப்பதுதான் அது. பத்திரத்தைப் படித்துக் காட்டுபவர்கள் குறைவு. ஒரு புடவை, மத்தியானச் சாப்பாடு, வண்டிச் சத்தம். காரியம் முடிந்தது!

மறுத்தால்? “பொறந்த வீட்டு வாசப்படியை மறந்துடு” என்ற ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து கையெழுத்துப் போட்ட பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் ஒவ்வொருவரும் வாய் திறக்காத நாகம்மாள்தான்.

அண்ணன் தம்பிகள் சொல்வது

அவர்கள் பக்கமும் கேட்க வேண்டும். கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

“நகை போட்டோம். சீர் செய்தோம். கல்யாணக் கடனை நான்தான் அடைத்தேன். அப்பா அம்மாவையும் நான்தான் பார்த்தேன். இருப்பதே இரண்டு ஏக்கர். அதை நாலாகப் பிரித்தால் யாருக்கு என்ன மிஞ்சும்?”

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு ஏக்கர் மேட்டுக்காட்டை நாலாகக் கிழித்தால் ஏர் திரும்பவும் இடம் இருக்காது.

அப்படியானால் அதைச் சொல்லிக் கேளுங்கள். நிலத்துக்கு ஒரு மதிப்புப் போடுங்கள். செய்த சீரையும் அடைத்த கடனையும் எடுத்து வையுங்கள். மிச்சத்தைப் பணமாகக் கொடுங்கள். முடியாவிட்டால் தவணை சொல்லுங்கள். “எனக்கு வேண்டாம், தம்பியே வைத்துக்கொள்ளட்டும்” என்று அவளே மனமாரச் சொன்னால் அது கொடை. அவளுக்குத் தெரியாமல் வாங்கினால் அதற்குப் பெயர் வேறு!

கொடுக்கிறவளுக்குத் தான் என்ன கொடுக்கிறோம் என்பது தெரிய வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்?

பெரியவர்களே! கண் தெரியும்போதே, கால் நடமாடும்போதே, மகன்களையும் மகள்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். எழுதியும் வைத்துவிடுங்கள்.

தாய்மார்களே! படிக்காத பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒருநாள் தவணை கேளுங்கள். பள்ளிக்கூடம் போகிற மகளைவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவசமாகச் சட்ட உதவி செய்வது அதன் கடமை.

எல்லோருக்கும் ஒரு வார்த்தை. லைப்ரரியில் இந்த மூன்று நாவல்களையும் கேட்டு வாங்குங்கள். பெரிய படிப்பு வேண்டாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். ஒருவர் படிக்கட்டும், வீடே கேட்கட்டும். முதலில் “நாகம்மாள்” படியுங்கள். சின்னப் புத்தகம்தான்.

படித்து முடித்ததும் அங்கேயே ஒரு கேள்வி கேளுங்கள்.

“நம் வீட்டு நாகம்மாளுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?”

கெட்டியப்பன் வந்து பதில் சொல்வதற்கு முன்னால் அதை நாமே சொல்லிவிடுவது நல்லது.