உறங்காப்புளி ஒன்று போதும்!

ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் கோவிலுக்குப் போய் வந்தவர்களுக்கு உறங்காப்புளியைப் பற்றி விளக்கம் தேவையில்லை. சாதாரணப் புளியமரம் பொழுது சாய்ந்தால் இலைகளை மூடிக்கொள்ளும். இந்த மரம் மட்டும் மூடாது, இது உறங்குவதே இல்லை என்பது ஐதீகம். நம்மாழ்வார் 16 வருஷம் யோகத்தில் அமர்ந்திருந்தது இதன் அடியில்தான் என்று வைணவப் பெரியவர்கள் சொல்வார்கள்.

ஊருக்கு ஓர் உறங்காப்புளி இருப்பது பெருமை. ஆனால் வீட்டுக்கு வீடு உறங்காத ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறதே, அதை என்னவென்று சொல்வது? கம்ப்யூட்டரைத்தான் சொல்கிறேன். ராத்திரி 11 மணிக்கு இந்த ஊர்த் தெருவில் நடந்தால், ஏதாவது ஒரு ஜன்னலில் வெளிறிய நீல வெளிச்சம் தெரியும். உள்ளேயிருந்து பேச்சும் கேட்கும்.

"ஏலே, மணி என்ன ஆச்சு? இன்னுமா முடியல?"

"இந்தா வாரேம்மா... அஞ்சே நிமிஷம்!"

அந்த அஞ்சு நிமிஷத்தின் நீளம் அம்மாக்களுக்குத்தான் தெரியும்!

கம்ப்யூட்டரே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. வேண்டும், அவசியம் வேண்டும். ஆனால் அது எங்கே இருக்க வேண்டும், எத்தனை மணிக்கு அணைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற உரிமை வீட்டுக்காரர்களிடம் இருக்க வேண்டும். இப்போது பல வீடுகளில் அந்த உரிமை கம்ப்யூட்டரிடம் போய்விட்டது. நமக்கு வரும் கண் வலி, கழுத்து வலி, தூக்கக் கேடு எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

ஆசை ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம்

கம்ப்யூட்டர் முன்னால் மனுஷனைக் கட்டிப்போடுகிற கயிறுகள் இரண்டு. ஒன்று ஆசை. அமெரிக்காவில் இருக்கும் பேரனின் முகம் திரையில் தெரிகிறது. மறந்தே போன பழைய பாட்டு ஒரு நொடியில் கேட்கிறது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் நம்ம தெருவை, நம்ம வீட்டு மச்சை, அந்தப் பக்கம் தாமிரபரணியைப் பார்க்க முடிகிறது. எந்த ஆச்சிக்குத்தான் அலுக்கும்?

இன்னொன்று எரிச்சல். அவசரமாக ஒரு சான்றிதழை அச்செடுக்க வேண்டும் என்றால் அன்றைக்குத்தான் பிரிண்டரில் காகிதம் சிக்கும். பாஸ்வேர்டு தப்பு என்று மூன்று தடவை சொல்லிவிட்டு நான்காவது தடவை கதவையே சாத்திவிடும். மின்சாரக் கட்டணம் கட்டலாம் என்று உட்கார்ந்தால், "அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள்" என்று ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆசை நம்மை நாற்காலியில் உட்கார வைக்கிறது. எரிச்சல் எழுந்திருக்க விடுவதில்லை! "இத சரி பண்ணாம விடப்போறதில்ல" என்று வீம்பாக உட்கார்ந்தால் மணி 12 ஆகிவிடும். பிள்ளைகள் விளையாட்டில் மயங்கி உட்காருவதை மட்டும்தான் நாம் கண்டிக்கிறோம். அப்பாமார்கள் வீம்பில் உட்கார்ந்திருப்பதை யார் கண்டிப்பது?

ராத்திரிப் பழக்கம் வந்த கதை

1995-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 15-ஆம் தேதி இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது. அதே மாதம் விண்டோஸ் 95 வெளியானது. ஆனாலும் நம்ம பக்கத்து வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் நிதானமாகத்தான் வந்து சேர்ந்தது. வந்த புதிதில் தமிழில் ஒரு கடிதம் அடிப்பதே பெரும்பாடு. ஓர் எழுத்துருவில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் வெறும் கிறுக்கல்தான் தெரியும். 1999-ல் சென்னையில் தமிழிணைய மாநாடு நடந்தது. அதை ஒட்டி 'தமிழ்99' விசைப்பலகையை அரசு அங்கீகரித்தது. பிறகு யூனிகோட் பரவியதும் அந்தத் தலைவலி பெருமளவு தீர்ந்தது.

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. எத்தனையோ வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் அப்படித்தான் வந்தது. அந்தக் காலத்து மின்வெட்டு ஞாபகம் இருக்கிறதா? 2012-ல் சென்னை தவிர்த்த மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலெல்லாம் கரண்ட் போனது. எப்போது கரண்ட் வருகிறதோ அப்போதுதான் வேலை. அது நடுராத்திரியாக இருந்தாலும் சரி, எழுந்து உட்கார வேண்டியதுதான். பிறகு 2020-ல் கொரோனா வந்து, பள்ளிக்கூடத்தையே திரைக்குள் கொண்டுவந்தது.

மின்வெட்டு குறைந்தது. பள்ளிக்கூடமும் திறந்தாயிற்று. ஆனால் அந்த ராத்திரிப் பழக்கம் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை!

கண்ணும் கழுத்தும் என்ன பாவம் செய்தன?

சாதாரணமாக நாம் நிமிஷத்துக்குப் பதினைந்து தடவைக்குக் குறையாமல் கண் சிமிட்டுகிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது இது பாதிக்கும் கீழே போய்விடும். சிமிட்டினால்தான் கண்ணீர் விழி முழுக்கப் பரவும். சிமிட்டாத கண் காய்கிறது. எரிச்சல், மணல் விழுந்த மாதிரி உறுத்தல், தலைவலி எல்லாம் அதனால்தான். மின்விசிறிக் காற்று முகத்தில் நேராக அடித்தால் இன்னும் மோசம்.

இதற்குக் கண் டாக்டர்கள் சொல்லும் சுலபமான கணக்கு ஒன்று உண்டு. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை, 20 விநாடி பாருங்கள். நம்ம ஊர் வீடுகளில் இது ரொம்ப சுலபம். திரும்பி வாசல் வழியாக எதிர்வீட்டுத் திண்ணையைப் பார்த்தால் போதும்!

"நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி வாங்கிட்டேன், இனிமே கவலை இல்ல" என்கிறார்கள் சிலர். 2023-ல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் அலசல், திரை பார்த்து வரும் கண் களைப்புக்கு இந்தக் கண்ணாடியால் பெரிய பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்றுதான் சொல்லியது. அந்தக் காசுக்கு நல்ல நாற்காலி வாங்குங்கள். நான் சொன்னதாகவே இருக்கட்டும்.

நாற்காலி என்றதும் கழுத்து ஞாபகத்துக்கு வருகிறது. நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. குனியக் குனிய, கழுத்துத் தசை சுமக்கும் பாரம் பல மடங்காகிறது. கட்டிலில் சாய்ந்து மடியில் லேப்டாப்பை வைத்துக்கொள்வதும், பாயில் குப்புறப் படுத்துத் தட்டுவதும் கழுத்துக்கு நாம் செய்யும் கொடுமை. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்கட்டும். தூரம் ஒரு கை நீளம். பாதம் தரையில் படியவில்லையா? அடுக்களையிலிருந்து ஒரு மணையைக் கொண்டுவந்து காலுக்கு வையுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு தனிச் சங்கதி. வெள்ளெழுத்துக்குக் கீழ்ப்பாதியில் பவர் வைத்த கண்ணாடி போட்டிருப்பவர்கள், திரையைப் படிக்க மோவாயைத் தூக்கிக்கொண்டு பார்ப்பார்கள். ஒரு மணி நேரத்தில் பிடரி வலிக்கும். கண் டாக்டரிடம், "கம்ப்யூட்டர் தூரத்துக்குத் தனிக் கண்ணாடி வேணும்" என்று கேளுங்கள். கொடுப்பார்கள். நம்ம பக்கம் கண் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை 1988-லிருந்தே இருக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். கிட்டப்பார்வை வராமல் தடுக்க வெயில் வெளிச்சத்தில் விளையாடுவது பெரிய உதவி. தைவான் நாட்டில் 2010-லிருந்து பள்ளிக் குழந்தைகளைத் தினமும் 2 மணி நேரம் வெளியே விளையாட விட்டார்கள். ஏறிக்கொண்டே போன கிட்டப்பார்வைக் கணக்கு இறங்க ஆரம்பித்தது. நமக்கு மைதானம், தெரு எல்லாம் இருக்கின்றன. பெரியவர்கள் கூடப் போனால் ஆற்றங்கரையும் இருக்கிறது.

மரம் உறங்காமல் இருக்கலாம், மனுஷன் முடியுமா?

இருட்டினால் நம் மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும். "படுக்கப் போ" என்று உடம்புக்கு அதுதான் சொல்லும். ராத்திரியில் பிரகாசமான திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தச் சுரப்பு தள்ளிப்போகிறது. வெளிச்சம் மட்டும் இல்லை. விளையாட்டில் தோற்ற ஆத்திரம், பதில் வராத மெயில், சிக்கிக்கொண்ட பிரிண்டர் எல்லாம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தால் தூக்கம் எப்படி வரும்?

6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம். விடியற்காலையில் டியூஷன் போகிற பிள்ளை 12 மணிக்குப் படுத்தால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒன்று கவனித்தீர்களா? கம்ப்யூட்டர் திணறினால் மெக்கானிக் முதலில் என்ன சொல்கிறார்? "அணைச்சுட்டு மறுபடி போடுங்க சார்." நாள் முழுக்க நினைவகத்தில் சேர்ந்த குப்பை அப்போதுதான் கழிகிறது. மிஷினுக்கே ஓய்வுதான் மருந்து என்றால் மனுஷனுக்குக் கேட்கவா வேண்டும்? அதனால் வீம்புக்காரர்களுக்கு என் யோசனை இதுதான்: 10 நிமிஷத்தில் சரியாகவில்லையா, அணைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். காலையில் தெளிந்த தலையோடு பார்க்கலாம். கோபத்தில் ரத்த அழுத்தம்தான் ஏறும், பிரிண்டர் இறங்கி வராது.

வெள்ளம் சொன்ன பாடம்

தூக்கத்தைக் கெடுக்கிற இன்னொரு சமாச்சாரம் பயம். "உள்ள இருக்கிறதெல்லாம் போயிருமோ?" என்ற பயம். நம்ம பக்கத்துக்கு இது வெறும் கற்பனை இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யார் மறப்பார்கள்? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. பக்கத்து ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. தாமிரபரணிக் கரை ஊர்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. கட்டிலும் பீரோவும் நனைந்தால் காய வைக்கலாம். தரையில் வைத்திருந்த கம்ப்யூட்டர் பெட்டி முங்கினால், அதற்குள் இருக்கும் கல்யாணப் படமும், காலமான அப்பாவின் குரலும் என்னாவது?

ஏடுகளின் அருமை தெரிந்த ஊர் இது. உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டுக்குச் சுவடி தேடி ஆழ்வார்திருநகரிக் கவிராயர் வீடுகளுக்கு வந்தார். 1889-ல் அந்த நூலை அச்சேற்றினார். ஓலை செல்லரிக்கும் முன் இன்னொரு ஓலையில் பிரதி எடுத்து வைத்த புண்ணியவான்களால்தான் அது நமக்குக் கிடைத்தது. கம்ப்யூட்டருக்கும் அதே தர்மம்தான். படங்களையும் முக்கியமான தாள்களையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுங்கள். அதை வெளியூரில் இருக்கும் மகளிடமோ தம்பியிடமோ கொடுத்து வையுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை புதுப்பியுங்கள். கம்ப்யூட்டர் பெட்டியையும் தரையில் வைக்காமல் மேசை மேல் ஏற்றுங்கள். பிறகு நிம்மதியாகத் தூங்கலாம்.

பட்டாசலில் இருக்கட்டும்!

"இப்பத்தான் எல்லாம் செல்போன்லயே வந்துட்டே, கம்ப்யூட்டர் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. என் அபிப்பிராயம் நேர்மாறானது. செல்போன் படுக்கைக்குக் கூடவே வருகிறது, சாப்பாட்டுத் தட்டுக்கும் வருகிறது. கம்ப்யூட்டர் மேசையை விட்டு நகராது. அதுதான் அதன் நல்ல குணம். பிள்ளைகள் படிப்பு, எழுத்து, கணக்கு எல்லாம் அதில் நடக்கட்டும். அதைப் படுக்கையறையில் வைக்காமல், எல்லோரும் போய் வருகிற பட்டாசலில் வையுங்கள். பிள்ளை என்ன பார்க்கிறது என்று ஒளிந்து பார்க்க வேண்டிய அவசியமே வராது. அப்பா எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்!

ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10-க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய பெட்டி ஓடும், ஆனால் அதில் பேங்க் காரியம் செய்வது நல்லதல்ல. புதுசு வாங்க வசதியில்லையென்றால், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைத் தெரிந்தவரிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள். தமிழும் நன்றாகவே வரும்.

வீட்டுச் சட்டம் நாலே வரிதான்:

* கம்ப்யூட்டருக்கு ஒரே இடம், பட்டாசல் மேசை.
* ராத்திரி 9 மணிக்கு அணைக்க வேண்டும். பரீட்சைக் காலத்தில் மட்டும் 10.
* 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணுக்கு ஓய்வு. மணிக்கு ஒரு தடவை எழுந்து நடை.
* வருஷத்துக்கு இரண்டு பிரதி, ஒன்று வெளியூரில்.

இந்தச் சட்டம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. 9 மணிக்கு முதலில் எழுந்திருக்க வேண்டியவர் குடும்பத் தலைவர்தான். அவர் அணைத்தால் வீடு அணைக்கும். இன்றைக்கே ஆரம்பியுங்களேன்!