சேலைத் தொட்டிலும் செல்போன் கூலியும்

"வீட்டில் இருந்தபடியே மாதம் முப்பதாயிரம் சம்பாதிக்கலாம்! குழந்தையையும் கவனித்துக் கொள்ளலாம்! கைபேசி ஒன்று போதும்!"

கோவை, திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களில் உழைப்பாளி மக்கள் குடியிருக்கும் எந்த லைன் வீட்டுக்குள் நுழைந்தாலும் இந்த வாசகம் நமக்கு முன்பே அங்கு நுழைந்திருப்பதைக் காணலாம். பஸ் நிலையச் சுவரிலும் மின்கம்பத்திலும் ஒட்டப்பட்டிருந்த விளம்பரம் இப்போது நேராகத் தாய்மார்களின் உள்ளங்கைக்கே வந்துவிட்டது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அதைப் படிக்கும் பெண்ணைப் பார்த்து, "பேராசைப்படுகிறாள்" என்று சிலர் பரிகாசம் செய்கிறார்கள். நம் தோழர்களில் சிலரும் இந்தப் பரிகாசத்தில் சேர்ந்துகொள்வதைக் கேட்டிருக்கிறோம். பரிகாசம் செய்யுமுன் அவள் குடும்பக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டாமா?

புருஷன் நூல் மில்லிலோ தறிக்குடோனிலோ வேலை செய்கிறான். அவன் கூலி வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் போய்விடுகிறது. பாலுக்கும் மருந்துக்கும் மூத்த பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் இன்னொரு கூலி வேண்டும். அவளும் பிரசவத்துக்கு முன்பு பனியன் கம்பெனியில் கைமடியாகவோ செக்கிங்கிலோ இருந்தவள்தான். இப்போது இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. மாமியார் தாராபுரத்துப் பக்கம் காட்டு வேலைக்குப் போகிறாள். வந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அங்கன்வாடியோ ஷிப்டு முடிவதற்கு வெகு நேரம் முன்பே கதவடைத்துவிடுகிறது. இந்த நிலையில் "வீட்டிலேயே சம்பாதிக்கலாம்" என்று ஒரு குரல் கேட்டால் அவள் திரும்பிப் பார்க்காமல் என்ன செய்வாள்?

அவளை வீட்டுக்குள் தள்ளியது யார் என்பதுதான் முதல் கேள்வி.

1888-ல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய நாளிலிருந்து, 1930-களில் பைகாரா மின்சாரம் வந்து ஊருக்கு ஊர் ஆலைகள் முளைத்த காலம் வரை, கோவை மில்களில் பெண்கள் வேலை செய்தே வந்திருக்கிறார்கள். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் பெண் தொழிலாளர் உள்ள ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. முதலில் 50 பெண்களுக்கு மேல் என்றிருந்ததை 1976-ல் 30 பெண்களுக்கு மேல் என்று திருத்தினார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் ஆலை முதலாளிகள் இதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்தார்கள். காப்பகம் கட்டுவதைவிடத் தாய்மார்களை வேலைக்கு வைக்காமலிருப்பது மலிவு! 'சுமங்கலித் திட்டம்' என்றும் 'கேம்ப்' என்றும் பெயர் சூட்டி, கல்யாணமாகாத இளம் பெண்களைத் தென் ஜில்லாக்களிலிருந்து கொண்டுவந்து ஹாஸ்டலில் அடைத்தார்கள். பெண் வேண்டும், பிள்ளை பெற்ற பெண் வேண்டாம். அந்த இளம் பெண்களின் கதை தனியாக எழுத வேண்டிய கதை. இங்கே நாம் சொல்ல வருவது, அவர்கள் உள்ளே அடைக்கப்பட்டதும் நம் தாய்மார்கள் வெளியே தள்ளப்பட்டதும் ஒரே லாபக் கணக்கின் இரு பக்கங்கள் என்பதுதான்.

திருப்பூரில் வேறொரு வித்தை. ஒரே பனியன் பல கூரைகளின் கீழ் தயாராகிறது. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பவர்டேபிள் ஓரிடம், செக்கிங்கும் அயர்னிங்கும் இன்னோரிடம். ஒவ்வொரு கூரையின் கீழும் பத்துப் பேர், இருபது பேர். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோ 50 பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் காப்பகம் என்கின்றன. இருபது பேர் உள்ள ஜாப்வொர்க் யூனிட்டில் வேலை செய்யும் தாய் எங்கே போவாள்? 2017-ம் வருஷத்துத் திருத்தம் பிரசவ விடுமுறையை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. அதன் பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், முதலாளியும் ஒப்புக்கொண்டால், வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றும் சொன்னது. கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்ணுக்கு இது ஓரளவு பயன்படலாம். நூற்புக் கதிரை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

ஆக, வீட்டு வேலையைத் தாய் தேர்ந்தெடுக்கவில்லை. மற்ற வாசல்களெல்லாம் அடைக்கப்பட்ட பிறகு திறந்திருக்கும் ஒரே வாசல் அது.

அந்த வாசலுக்குள் என்ன இருக்கிறது? பழைய சரக்கு முதலில். ஏஜெண்டு மொபெட்டில் மூட்டையைக் கொண்டுவந்து திண்ணையில் போடுகிறான்: பிசிர் வெட்டு, பட்டன் கட்டு, மடித்து அடுக்கு. கத்தரி அவளுடையது, மின்சாரக் கட்டணம் அவளுடையது, இடமும் அவளுடையது. பீஸுக்கு இத்தனை பைசா என்று கூலி. கம்பெனியின் பெயரே அவளுக்குத் தெரியாது. கம்பெனிக்கும் அவள் பெயர் தெரியாது. இது நமக்கு நெடுநாள் பழக்கமான சுரண்டல்.

புதிய சரக்கு கைபேசி வழியாக வருகிறது. திருப்பூர் நைட்டியையும் இளம்பிள்ளைச் சேலையையும் படம் பிடித்து வாட்ஸப்பில் போட்டு, ஆர்டர் பிடித்துக் கொடுத்தால் கமிஷன். இதில் நாலு காசு பார்க்கும் பெண்கள் உண்டு. இல்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் வாங்கியவர் "கலர் பிடிக்கவில்லை" என்று திருப்பி அனுப்பினால், இரவு பதினோரு மணி வரை நூறு பேருக்குப் பதில் எழுதிய உழைப்புக்குக் கூலி பூஜ்யம். அடுத்தது டேட்டா என்ட்ரி. படங்களைப் பார்த்து இது மாடு, இது லாரி என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை. அமெரிக்காவின் அமேசான் கம்பெனி 2005-ல் இதற்கென்றே ஒரு இணையச் சந்தை திறந்தது. அதற்கு வைத்த பெயர் வேடிக்கையானது: 'மெக்கானிக்கல் டர்க்'. 1770-ல் ஐரோப்பாவில் ஒருவர் தானே சதுரங்கம் ஆடும் யந்திரம் என்று ஒரு பொம்மையைக் காட்டி ராஜாக்களை அசத்தினார். உண்மையில் பெட்டிக்குள் ஒரு மனிதன் ஒளிந்துகொண்டு காய் நகர்த்தினான். யந்திரம் செய்கிறது என்று உலகம் நினைக்க, உள்ளே ஆள் வேலை செய்ய வேண்டும். பெயரிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்! அந்தச் சந்தையில் வேலை கொடுத்தவர் "திருப்தியில்லை" என்று தள்ளிவிட்டால் கூலி கிடையாது. செய்த வேலை மட்டும் அவரிடமே தங்கிவிடும்.

இவையாவது வேலை. மூன்றாவது சரக்கு சுத்த மோசடி. "வீடியோவுக்கு லைக் போடு, ஓட்டலுக்கு மதிப்புரை எழுது" என்று டெலிகிராமில் அழைப்பு வரும். முதல் நாள் 150 ரூபாய் நிஜமாகவே வந்து சேரும். மறுநாள் "பெரிய டாஸ்க்" எடுக்க ஆயிரம் கட்டச் சொல்வார்கள்; பிறகு பத்தாயிரம்; பிறகு போட்டதை எடுக்க இன்னும் ஐம்பதாயிரம். தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகும். டேட்டா என்ட்ரியில் இன்னொரு தினுசு: ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "தப்பு அதிகம், நஷ்ட ஈடு கட்டு, இல்லாவிட்டால் கோர்ட்" என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு காகிதத்தை அனுப்பி மிரட்டுவது. 2023 டிசம்பரில் மத்திய சர்க்கார் இப்படிப்பட்ட பகுதிநேர வேலை மோசடித் தளங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை முடக்கியது. இருந்தும் அழைப்புகள் நிற்கவில்லை.

நம் ஜில்லாவுக்கு இது புதிதா? பெருந்துறை ஈமு கோழி 2012-ல் பறந்துபோனதை யாரும் மறந்திருக்க முடியாது. திருப்பூர் பாசி நிறுவனத்தின் 'ஆன்லைன் வர்த்தகம்' 2009-ல் சரிந்தது. சுமார் 930 கோடி ரூபாய் விவகாரம். அதன் நிர்வாகிகள் இருவருக்கு 27 வருஷச் சிறைத் தண்டனை கிடைத்தது 2022 ஆகஸ்டில்தான். பதின்மூன்று வருஷம்! கைபேசியில் விளம்பரம் பார்த்தால் பணம் என்ற 'மை வி3 ஆட்ஸ்' செயலியில் சேரக் கட்டணம் 360 ரூபாயில் தொடங்கி லட்சத்தைத் தாண்டியது. 2024 ஜனவரியில் கோவைப் போலீஸ் வழக்குப் போட்டதும், 29-ந் தேதி நீலாம்பூர் பைபாஸ் பக்கம் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கவா? இல்லை, அந்த நிறுவனத்துக்கு ஆதரவாக! வழக்கில் தீர்ப்புச் சொல்வது கோர்ட்டின் வேலை. ஆனால் அந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. குழந்தையை விட்டு நகராமல் நாலு காசு என்ற நம்பிக்கைக்கு இந்த ஊரில் எவ்வளவு பசி இருக்கிறது என்பதையல்லவா அது காட்டியது!

"குழந்தையையும் கவனித்துக் கொள்ளலாம்" என்ற வாசகத்துக்கு வருவோம். மத்திய சர்க்கார் 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 289 நிமிஷம் அதில் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 88 நிமிஷம். (ஈடுபடாத ஆண்கள் இந்தச் சராசரியில் வரவேயில்லை!) குழந்தைகளையும் முதியோரையும் பராமரிப்பதில் 15 முதல் 59 வயதுப் பெண்ணுக்கு 140 நிமிஷம், ஆணுக்கு 74. இதற்கு மேல்தான் பிசிர் மூட்டையும் கைபேசி வேலையும். குழந்தை தூங்கும் நேரம்தான் அவளுக்கு ஷிப்டு. பகலில் முக்கால் மணி, இரவில் பத்து மணிக்கு மேல் இரண்டு மணி. நடுவில் பிள்ளை அழுதால் ஷிப்டு முறிந்தது. அழுகையை நிறுத்தக் கைபேசியைக் கொடுத்தால் வேலைக் கருவியே போய்விட்டது, ஏனென்றால் வீட்டில் இருப்பது ஒன்றுதான். சங்கக் கூட்டத்தில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டில் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருக்கும் தோழர்கள் இந்த 88 நிமிஷத்தை ஒரு தடவை நிதானமாகப் படிக்க வேண்டும்.

மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தில் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பஞ்சு வராமல் லங்காஷயர் மில்கள் மூடிக்கிடந்தபோது, தொழிலாளர் நிலையை அறிய இங்கிலாந்து சர்க்கார் டாக்டர் எட்வர்ட் ஸ்மித்தை அனுப்பியது. அத்தனை பட்டினியிலும் ஒரு நன்மையை அவர் கண்டார்: தாய்மார்களுக்குக் குழந்தைக்குப் பால் கொடுக்க நேரம் கிடைத்தது! மில் ஓடிய காலத்தில் 'காட்ஃப்ரே கார்டியல்' என்ற அபின் மருந்தைப் புகட்டித் தூங்கவைத்துவிட்டுத்தான் அவர்கள் வேலைக்குப் போனார்கள். தாய்க்கு வேலை இருந்தால் பிள்ளைக்கு அபின், பிள்ளைக்குப் பால் இருந்தால் தாய்க்குப் பட்டினி. நூற்றைம்பது வருஷத்துக்குப் பின்னும் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றுதான் நம் தாய்மார்களிடம் சொல்லப்படுகிறது.

வயலில் வேலை செய்யும் தாய்க்கும் இதே கதைதான். மஞ்சள் காட்டு ஓரம் வேப்பமரக் கிளையில் சேலைத் தொட்டில் ஆடுகிறது. ஐந்து வயது அக்காள் காவல். தேயிலைத் தோட்டங்களில் காப்பகம் வேண்டும் என்று 1951-ம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நம் வால்பாறைத் தொழிலாளர்கள் அதை அறிவார்கள். நூறு நாள் வேலைக்காக 2005-ல் வந்த சட்டமும், ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வேலைத்தலத்துக்கு வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவளுக்கும் கூலி கொடு என்று எழுதி வைத்தது. குழந்தையைப் பார்ப்பதும் வேலை, அதற்கும் கூலி உண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது. தோட்டத்துப் பண்ணையத்தில் மட்டும் அந்த நியாயம் செல்லாதா?

வீட்டுக்குள் நடக்கும் வேலையைச் சட்டம் எட்ட முடியாது என்பார்கள். பொய். பீடி முதலாளிகளும் அப்படித்தான் வாதாடினார்கள். வீட்டில் பீடி சுற்றும் பெண்ணும் தொழிலாளியே என்று 1966-ல் சட்டம் வந்தது. முதலாளிகள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 1974-ல் கோர்ட் சட்டம் செல்லும் என்றது. தையற்கடையில் பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர்கள், வீட்டுக்கு எடுத்துச் சென்று தைத்தவர்கள் உட்பட, தொழிலாளர்களா என்ற வழக்கிலும் 1973-ல் சுப்ரீம் கோர்ட் ஆம் என்றது. செய்த வேலையைச் சரியில்லை என்று தள்ளும் உரிமையும் மேலும் வேலை கொடுக்காமல் நிறுத்தும் உரிமையும் முதலாளி கையில் இருப்பதே அவர் முதலாளி என்பதற்கு அடையாளம் என்றது கோர்ட். கைபேசி வேலைக்கு இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். அப்படியே பொருந்துகிறதா இல்லையா? சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில்கூட 'வீடுசார் தொழிலாளி' என்பதற்கு, பொருளோ சேவையோ தன் வீட்டிலிருந்து செய்து கொடுப்பவர் என்றே விளக்கம் இருக்கிறது. பெயர் சட்டத்தில் ஏறிவிட்டது; கூலி ஏறவில்லை. வீட்டுத் தொழிலாளருக்கு ஆலைத் தொழிலாளருக்குச் சமமான நடத்தை வேண்டும் என்ற சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 177-வது உடன்படிக்கை 1996-ல் நிறைவேறியது. இந்திய சர்க்கார் இன்றுவரை அதை அங்கீகரிக்கவில்லை.

எனவே நம் கோரிக்கை வீட்டு வேலையைத் தடை செய் என்பதல்ல. அப்படிக் கேட்பது அந்தத் தாயின் கையிலிருக்கும் நாலு காசையும் பிடுங்குவதாகும். முதலில் காப்பகம். ஒரு தெருவில் பத்து யூனிட் இருந்தால் பத்து முதலாளிகளும் சேர்ந்து செலவேற்று ஒரு காப்பகம் நடத்தட்டும். ஆள் கணக்கைப் பிரித்துக் காட்டித் தப்பிக்க விடக்கூடாது. அங்கன்வாடி ஷிப்டு முடியும்வரை திறந்திருக்கட்டும். ஆனால் அந்தக் கூடுதல் மணிகளை இப்போதுள்ள அங்கன்வாடி ஊழியர் தலையில் இலவசமாகக் கட்டக்கூடாது. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் ஆள், முழுச் சம்பளம். பீஸ் ரேட்டை, எட்டு மணி நேரம் செய்தால் குறைந்தபட்சக் கூலி வரும்படி நிர்ணயிக்க வேண்டும். வாங்கிக்கொண்ட வேலைக்குக் கூலி இல்லை என்று சொல்லும் உரிமை எந்தக் கம்பெனிக்கும், எந்தச் செயலிக்கும் இருக்கக்கூடாது. 2023 ஏப்ரலில் பேரவையில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதாவை மே தினத்தன்று வாபஸ் வாங்க வைத்தோமே. இதுவும் முடியாத காரியமல்ல.

அதற்குமுன் சங்கக் கிளைகள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. வீட்டு வேலை செய்யும் ஒவ்வொரு தாய்க்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுங்கள். எந்தத் தேதியில் எந்த ஏஜெண்டு எத்தனை பீஸ் கொடுத்தான், எவ்வளவு நேரம் பிடித்தது, எவ்வளவு கூலி வந்தது, எவ்வளவு தள்ளுபடி ஆனது என்று எழுதச் சொல்லுங்கள். கைபேசி வேலையானால் திரையைப் படமெடுத்து வைக்கட்டும். வேலை கொடுக்கிறவன் நம்மிடம் பணம் கேட்டால் அது வேலையல்ல என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணம் கைமாறும் மணி. மாதர்களின் கூட்டத்தை ஞாயிறு பிற்பகல் வையுங்கள். குழந்தைகளைக் கூடவே அழைத்து வரட்டும். அந்த இரண்டு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஆண் தோழர்களுடையது.