இடிக்கும் முன் எங்களையும் எண்ணுங்கள்

சென்ட்ரல் புறநகர் ரயில் நிலையத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் மூர் மார்க்கெட்டின் சின்ன மாதிரி ஒன்று நிற்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. செங்கல்லுக்கு நினைவுச்சின்னம் வைக்கத் தோன்றியவர்களுக்கு, அதற்குள் பிழைத்த எங்கள் நினைப்பு ஒரு நாளாவது வந்ததா?

நைனா அங்கே பழைய புத்தகம் விற்றார். 1985 மே 30 அன்று மார்க்கெட் எரிந்தது. மறுநாள் அவரோடு போனேன். சாம்பல் சேற்றில் கால் கணுக்கால்வரை புதைந்தது. ஓர் அகராதியைத் தோண்டி எடுத்தார். ஓரமெல்லாம் கருகி, நடுவில் தண்ணீர் ஊறி உப்பியிருந்தது. முதல் பக்கத்தில் அவர் பென்சிலால் எழுதிய விலை மட்டும் அழியவில்லை: எட்டு ரூபாய். அதைப் பார்த்ததும்தான் அவருக்கு அழுகை வந்தது.

தீயை விதி என்று விட்டுவிடலாம். அதற்குப் பிறகு நடந்ததை எப்படி விடுவது? அல்லிக்குளத்தில் மாற்றிடம் தந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் பழைய புத்தகம் யாரும் பட்டியல் எழுதி வந்து வாங்குகிற சரக்கல்ல. ரயிலுக்கு அரை மணி இருக்கிறதே என்று உலாத்துகிறவர் கண்ணில் பட வேண்டும், கை தானாக எடுக்க வேண்டும். அந்த நடமாட்டம்தான் எங்கள் முதல். கூரையைக் கொடுத்தார்கள், முதலைப் பிடுங்கிக்கொண்டார்கள். நைனா காலையில் கடை திறந்து, மாலைவரை புத்தகத்துத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

மூர் மார்க்கெட்டே ஒரு மாற்றிடம்தான். நெரிசலான பிராட்வே சந்தைக்காரர்களுக்காக 1898-ல் அடிக்கல் நாட்டி, 1900-ல் திறந்தார்கள். ரயிலடி பக்கத்திலேயே, ஊரே திரும்பிப் பார்க்கும்படி. அன்று சந்தைக்காரனுக்கு இருந்த மதிப்பு இன்று எங்கே போயிற்று?

இந்தப் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் 116 ஏக்கர் மக்கள் பூங்கா. பதினோரு குளங்கள் இருந்தன. கட்டடம் கட்டடமாக வந்து பூங்காவைத் தின்றது. மிருகக்காட்சி சாலையும் வண்டலூருக்குப் போனது. 1956-ல் மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்த கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்த இடத்தில், 1993-ல் இன்றைய நேரு விளையாட்டரங்கம் எழுந்தது. அரங்கம் பழசானால் புதுப்பிக்கத்தான் வேண்டும், அதில் எங்களுக்குச் சண்டையில்லை. ஆனால் அதற்காகப் போடும் வரைபடத்தில் புல்தரைக்கு இடமிருக்கிறது, நீரூற்றுக்கு இடமிருக்கிறது, கார் நிறுத்த இடமிருக்கிறது. ஆட்ட நாளில் சுண்டல் விற்கிறவளுக்கு இடமில்லை. அழகுபடுத்துவது என்றால் எங்களைத் துடைத்தெறிவதா?

சட்டம் இல்லாமல் இல்லை. 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்கிறது. அகற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, காலையில் வண்டியோடு வந்து தராசைத் தூக்கிப் போடுகிறவர்களிடம் நாங்கள் எதைக் காட்டுவது?

நைனா போய்விட்டார். கருகிய அந்த அகராதி என்னிடம் இருக்கிறது. எட்டு ரூபாய் இன்னும் தெரிகிறது.

அரங்கமோ சந்தையோ பஸ் நிலையமோ, எதை வேண்டுமானாலும் புதிதாகக் கட்டுங்கள். ஆனால் முதல் கல்லைப் பெயர்க்கும் முன் அங்கே பிழைக்கிறவர்களை எண்ணுங்கள். மாற்றுக் கடையைத் திறந்து காட்டிவிட்டுப் பழையதை இடியுங்கள். அந்தக் கடை ஜனம் நடக்கிற வழியில் இருக்கட்டும்.