அறளை பெயர வயது வேண்டுமா?

"அறளை பெயர்ந்துவிட்டது" என்று நம்மவர் சொல்வது எண்பது வயதானவர்களைப் பற்றியே. ஒலுவிலில் ஐம்பது வயது மீனவர் ஒருவர் வலை வைத்த இடத்தை மறந்து, கடன் கணக்கைக் குழப்பி, காரணமின்றி எரிந்து விழுந்தால் அவருக்குக் கிடைக்கும் பெயர்கள் வேறு: சோம்பேறி, பொறுப்பற்றவர், செய்வினைக்கு ஆளானவர். அது மறதிநோயாக இருக்கலாம் என்று யாரும் எண்ணுவதில்லை.

1901இல் பிராங்போட் நகரில் வைத்தியர் அல்சைமர் பரிசோதித்த பெண்ணுக்கு வயது 51. அவர் பெயரால் வழங்கும் நோய் முதலில் இனங்காணப்பட்டது அந்தப் பெண்ணிடமே. 65 வயதுக்கு முன் இந்நோய் வரும்போது சிலருக்கு ஞாபகம் கெடுமுன்னே பேச்சோ சுபாவமோ மாறிவிடும். எல்லா மறதியும் தீராததுமல்ல. தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றால் வருவது சிகிச்சையால் குணமாகலாம். ஆகவே தகடு கட்டுமுன் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் 60 வயதைக் கடந்தோருக்கானது; முதியோர் கொடுப்பனவுக்கோ 70 வயதாக வேண்டும். உழைப்பவர் 52 வயதில் விழுந்தால் மனைவி எந்த வரிசையில் நிற்பாள்? பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடம் போகிறவர்கள். வயதைப் பாராமல் நோயைப் பார்த்தே உதவி தரப்படவேண்டும்.

லங்கா அல்சைமர் மன்றம் இருப்பது கொழும்பில். இங்கிருந்து ஓர் இரவுப் பஸ் பயணம். ஒரு பக்கத் தமிழ்த் துண்டுப்பிரசுரத்தையாவது ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தார் ஆக்கித் தரலாம். ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் அதை வாசித்தால், நாங்கள் நடத்தும் பத்துக் கருத்தரங்குகளைவிட அதிகம் பேரை எட்டும்.