மெயில் போகவில்லையா? நகலைப் பாருங்கள்

சூலக்கரை வீட்டில் ஒழுங்காகப் போன மின்னஞ்சல், அதே மடிக்கணினியைச் சிவகாசி அச்சகத்துக்கு எடுத்துப்போனதும் போக மறுக்கிறது. பிரவுசரில் எல்லாத் தளமும் திறக்கிறது. உடனே பழி மெயில் சர்வர் மேல்... அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். வீண் வேலை!

பெயரைக் கொடுத்தால் ஐபி எண்ணைச் சொல்வது டிஎன்எஸ். 1983-ல் பால் மொக்காபெட்ரிஸ் வடிவமைத்தது. எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்பது லினக்ஸில் 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பில் இருக்கும். பிரவுசர் அதைப் பார்க்கிறது. ஆனால் போஸ்ட்பிக்ஸ் மெயில் சர்வர், பல நிறுவல்களில், பாதுகாப்புக்காகத் தன் ஸ்பூல் அடைவுக்குள் உள்ள நகலைத்தான் படிக்கும். இடம் மாறியதும் மூலம் மாறிவிடும். நகல் சில சமயம் மாறாது. சிவகாசியில் உட்கார்ந்துகொண்டு சூலக்கரை ரூட்டரைத் தேடும்!

வணிகவியல் மாணவர்களுக்கு இது புதிதா என்ன? ரொக்க ஏடும் பாஸ்புக்கும் ஒத்துப்போகாவிட்டால் யாரும் வங்கியை மாற்றுவதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பார்கள். இங்கேயும் அதேதான். இரண்டு கோப்பையும் ஒப்பிட்டு, நகலைப் புதுப்பித்து, போஸ்ட்பிக்ஸை மறுபடி தொடங்கினால் போதும்.

தள்ளிப்போடக் கூடாது. போகாத கடிதத்தைப் போஸ்ட்பிக்ஸ் வழக்கமாக 5 நாள் வரிசையில் வைத்திருந்துதான் திருப்பும்; மாற்றி அமைக்காதவரை இடையில் எச்சரிக்கையும் வராது. காலண்டருக்கு விலை கேட்டவர் அதுவரை காத்திருப்பாரா?